வெயிலில் சாகும் இரத்தக் காட்டேரி யாருடைய கற்பனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிறு இணைப்பில் திகில் படங்களின் வரலாறு பற்றி வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். பேய்ப் படம் என்றாலே முகம் சுளிக்கும் படிப்பாளிகள் நிறைந்த நம் ஊரில், அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கிய தங்கள் துணிவைப் பாராட்டுகிறேன். எனினும், கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிச் சென்ற ஒரு வாக்கியம் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. சூரிய ஒளி பட்டால் இரத்தக் காட்டேரி அழிந்துவிடும் என்பது எல்லா நாட்டு மக்களிடமும் தொன்றுதொட்டு நிலவிவரும் நம்பிக்கை என்றும், பிராம் ஸ்டோக்கர் தம் ‘டிராகுலா’ நாவலில் அதையே எடுத்தாண்டார் என்றும், சினிமா அதை நாவலிலிருந்து பெற்றுக்கொண்டது என்றும் அவர் எழுதியிருக்கிறார். இம்மூன்றுமே சரியல்ல.

நாவலில் இருந்தே தொடங்குகிறேன். 1897இல் வெளியான அந்நாவலில் டிராகுலா பகலில் தாராளமாக நடமாடுகிறான். லண்டனின் பிக்காடிலி வீதியில், வண்டியில் அமர்ந்திருக்கும் ஓர் இளம்பெண்ணை வெறித்துப் பார்த்தபடி, கூரிய மூக்கும் கறுத்த மீசையும் குறுந்தாடியுமாக அவன் நிற்பதைப் பட்டப்பகலில் கதைமாந்தருள் ஒருவனான ஜொனாதன் ஹார்க்கர் கண்டு நடுங்கும் இடம், படித்தவர்களுக்கு மறக்காது. பகலில் அவனுடைய மாய ஆற்றல் ஒடுங்கிவிடும், உருமாற வேண்டுமானால் சூரியன் உதிக்கும் கணம், மறையும் கணம், உச்சிப்பொழுது ஆகிய மூன்று வேளைகளில்தான் அவனால் முடியும் என்று அவனை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் விளக்குகிறார். அவ்வளவுதான் கட்டுப்பாடு, வெயில் அவனைக் கொல்வதில்லை. அவனைக் கொல்பவை இரண்டு கத்திகள். அவற்றுள் ஒன்று கூர்க்காக்கள் வைத்திருக்கும் குக்ரி. அதுவும் சூரியன் மலைக்குப் பின்னே இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், இருட்டிவிட்டால் அவன் தப்பிவிடுவானே என்ற பதற்றத்தில் நடக்கும் கொலை.

உச்சிப்பொழுது என்றதும் நம் கிராமங்களில் வளர்ந்த எவருக்கும் ஒன்று நினைவுக்கு வரும். “உச்சி வெயிலில் புளியமரத்தடிப் பக்கம் போகாதே” என்று அதட்டாத பாட்டி உண்டா? முனி நடமாடும் நேரம் என்று நள்ளிரவை எவ்வளவு சொன்னார்களோ, அதே அளவுக்கு நண்பகலையும் சொன்னார்கள். ஆளரவமற்ற வயல்வெளியில் நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்கும் அந்த நேரம் நம் பேய்களுக்கு உகந்த நேரம். வெயிலோடு அவற்றுக்குப் பகை ஏதும் இல்லை. ஆகவே ‘எல்லா நாட்டு மக்களிடமும்’ என்ற சொற்றொடர் நம் வீட்டு வாசலிலேயே தட்டுப்பட்டு நின்றுவிடுகிறது. (ஐரோப்பாவின் அந்த உருவத்துக்குக் காட்டேரி என்று நாம் பெயர் வைத்ததே பொருத்தமற்றது. காட்டேரி நம்மிடம் பூசையும் படையலும் பெறும் தெய்வம். ஆனால் சுவரொட்டிகள் அந்தப் பெயரை நிலைநாட்டிவிட்டன. நானும் அதையே ஆள்கிறேன்.)

அப்படியானால் வெயிலில் சாகும் காட்டேரி எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் 1922இல் எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற ஊமைப் படத்திலிருந்து வந்தது. ஹென்ரிக் காலேன் திரைக்கதை எழுதினார். தயாரிப்பாளர்களுள் ஒருவரான ஆல்பின் கிராவ் அரங்க அமைப்பையும் உடைகளையும் வரைந்தார். காட்டேரியாகிய ஓர்லோக் பிரபுவாக மாக்ஸ் ஷ்ரெக் நடித்தார். கதையின் முடிவில், கதாநாயகன் ஹட்டரின் மனைவியான எல்லன் தன்னையே பலியாக ஒப்புக்கொடுத்துச் சேவல் கூவும்வரை ஓர்லோக்கைத் தன் படுக்கை அருகே நிறுத்திவைக்கிறாள். எதிர்ச்சாரியில் உள்ள வீட்டுக் கூரைகளின் மேல் வெளிச்சம் ஏறுகிறது. அவன் நெஞ்சில் கைவைத்துத் தடுமாறுகிறான். உடல் கண்ணாடிபோல் மங்கி மறைகிறது. அவன் நின்ற தரையிலிருந்து கொஞ்சம் புகை மட்டும் எழுகிறது. கத்தி இல்லை, ஆப்பு இல்லை, துரத்தல் இல்லை. ஒளியால் ஆன ஒரு கலை, தன் அரக்கனை ஒளியாலேயே கொன்றது. நாவலாசிரியருக்குத் தேவைப்படாத இந்த முடிவு, சினிமாக்காரர்களுக்குத்தான் தோன்றியிருக்க முடியும் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெயிலில் சாகும் அந்த ஓர்லோக், வெளிப்புறக் காட்சிகளில் வெயிலில்தான் படமாக்கப்பட்டான். அக்காலத்துப் படச்சுருள் மிக மந்தமானது. நிலவொளியிலோ தெருவிளக்கிலோ எதுவும் பதியாது. ஸ்டுடியோவுக்குள் என்றால் ஆர்க் விளக்குகளை நிறுத்தலாம். முர்னாவோ ஸ்டுடியோவை விட்டு வெளியேறி, வட ஜெர்மனியின் விஸ்மார் துறைமுகத்திலும், லூபெக்கின் பழைய உப்புக் கிடங்குகள் முன்பும், இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள ஓராவா கோட்டையிலும் படமெடுத்தார். இரண்டாண்டுகள் முன்பு, 1920இல், ராபர்ட் வீனே இயக்கிய ‘டாக்டர் காலிகரி’ படத்தில் நிழல்களையே தூரிகையால் சுவரிலும் தரையிலும் தீட்டிவைத்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு எதிரான வழி என்பது புரியும். ஆகவே இரவுக் காட்சிகளையும் பகலிலேயே எடுத்து, பிரதி போடும்போது அந்தத் துண்டுகளை நீலச் சாயத்தில் தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் பகல் அல்லது விளக்கு எரியும் அறை, இளஞ்சிவப்பு என்றால் விடியல். அன்றைய பார்வையாளருக்கு இது எழுதாத இலக்கணமாக இருந்தது.

பின்னாளில் கைமாறிக் கைமாறி உலகைச் சுற்றிய பிரதிகளில் பல, சாயம் ஏற்றாத வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதிகள். அத்தகைய ஒரு பதினாறு மில்லிமீட்டர் பிரதியைத்தான் நாங்கள் எண்பதுகளில் எங்கள் ஊரின் சிறிய திரைப்படச் சங்கத்தில் திரையிட்டோம். நான் அப்போது அதன் செயலாளர். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில், வேட்டியைத் திரையாகக் கட்டாத குறையாக ஒரு வெள்ளைத் துணி, கடகடவென்று சத்தமிடும் புரொஜக்டர், நாற்பது பேர். மூன்றாவது ரீலுக்குப் பதில் நான்காவது ரீலை மாட்டிவிட்டு, பத்து நிமிடம் ஓடியபின் நிறுத்தி மாற்றினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஊமைப் படம் ஆகையால் பாதிப்பேர் கவனிக்கவில்லை. கவனித்தவர்களுள் ஒருவர் வேறொன்றையும் கவனித்திருந்தார். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பின்வரிசையிலிருந்து எழுந்து, “வெயில் பட்டதும் செத்துப்போகிறவன், அதற்கு முன்னால் ஊருக்குள் வரும்போது சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருத்தெருவாகத் திரிகிறானே, அப்போது ஏன் சாகவில்லை?” என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது உண்மைதான். விஸ்மாரின் பழைய நீர்வாயில் வளைவுக்குள் தன் பெட்டியைச் சுமந்தபடி ஓர்லோக் நடந்துவரும் அக்காட்சியில், சாயம் இல்லாத பிரதியில் கட்டடங்கள் பளிச்சென்று வெயிலில் நிற்கின்றன. அவனுக்கு நிழல்கூட விழுகிறது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு. அது இயக்குநர் வேண்டுமென்றே வைத்த குறியீடு, பகல் இரவு என்ற பேதமே அழிந்துபோன ஒரு நகரத்தின் மனநிலையை அது காட்டுகிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பலர் தலையாட்டினார்கள். என் பதில் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

கட்டுரையில் வரும் மற்றொரு செய்தியையும் இங்கே திருத்த வேண்டும். நீதிமன்ற ஆணைப்படி இப்படம் முற்றிலும் அழிக்கப்பட்டுவிட்டது என்றும், இன்று நாம் காண்பது பிற்கால மறுஆக்கம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நடந்தது வேறு. பிராணா ஃபிலிம் என்ற அந்தப் புதிய நிறுவனம், ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸிடம் உரிமை பெறாமலே படத்தை எடுத்தது. பெயர்களை மாற்றினார்களே தவிர, ஸ்டோக்கரின் நாவலைத் தழுவியது என்பதைப் படத்தின் தொடக்க எழுத்துகளிலேயே போட்டுக்கொண்டார்கள். திருட்டை ஒளிக்கத் தெரியாத திருடர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1922 மார்ச் 4ஆம் நாள் பெர்லின் விலங்கியல் பூங்காவின் பளிங்கு மண்டபத்தில் ஆடம்பரமாக அரங்கேறிய படம், சில மாதங்களிலேயே நிறுவனத்தைத் திவாலாக்கியது. கணவர் 1912இல் இறந்தபின் நாவல் தரும் வருவாயை நம்பியிருந்த ஃபுளோரன்ஸ், பிரிட்டிஷ் எழுத்தாளர் சங்கத்தின் துணையோடு வழக்குத் தொடுத்தார். திவாலானவர்களிடம் பணம் பெயராது என்று தெரிந்தபின், நெகட்டிவும் பிரதிகளும் அழிக்கப்பட வேண்டும் என்று கேட்டார். 1925இல் நீதிமன்றம் அவ்வாறே ஆணையிட்டது.

ஆனால் அதற்குள் பிரதிகள் எல்லை தாண்டிவிட்டன. ஆணை ஜெர்மனியில் இருந்தவற்றைத்தான் எட்ட முடிந்தது. 1929இல் நியூயார்க்கில் படம் திரையிடப்பட்டது. பிரான்சில் தப்பிக் கிடந்த 1922ஆம் ஆண்டுச் சாயப் பிரதி ஒன்று பாரிஸின் திரைப்படக் காப்பகத்தில் இருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு முர்னாவ் பெயரிலான அறக்கட்டளை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளுக்குள் நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் படத்தை மீட்டெடுத்தது. எனவே இன்று நாம் காண்பது மறுஆக்கம் அல்ல, மூலப் படமே. ஃபுளோரன்ஸை இக்கதையின் வில்லியாக்கும் வழக்கமும் எனக்கு உடன்பாடல்ல. தன் சோற்றில் கைவைத்தவர்கள்மேல் அவர் வழக்குப் போட்டார். அதில் என்ன தவறு?

வெயிலின் கதை அதன்பின் எப்படிப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரன்ஸின் அனுமதியோடு 1924இல் இங்கிலாந்தில் மேடையேறிய நாடகமே, பின்னர் நியூயார்க் வழியாக, 1931இல் யுனிவர்சல் எடுத்த பேசும் படத்துக்கு மூலமாயிற்று. பெலா லுகோசி நடித்த அப்படத்தில் சூரியனுக்கு வேலையில்லை. ஆப்பு அடிக்கும் ஓசையும் முனகலும் திரைக்கு வெளியே கேட்பதோடு சரி. டிராகுலா என்றதும் நம் கண்முன் வரும் அந்த நிமிர்ந்த கழுத்துப்பட்டை வைத்த மேலங்கியும் நாவலில் இல்லை, மேடையிலிருந்து வந்தது. பார்வையாளருக்கு முதுகுகாட்டி நிற்கும் நடிகர், பட்டை தலையை மறைத்திருக்கும் நேரத்தில் அங்கிக்குள்ளிருந்து நழுவி மேடைப் பொறிக்கதவு வழியே கீழே இறங்கிவிடுவார். மற்றவர்கள் கையில் வெறும் துணி மிஞ்சும். ஒரு மேடைத் தந்திரம் பிறகு பிரபுக்களின் நாகரிகமாகிவிட்டது!

நாற்பதுகளில் யுனிவர்சலின் தொடர்ச்சிப் படங்களில் சூரியன் திரும்பி வந்தான். 1944இல் ஜான் காரடைன் நடித்த டிராகுலா, தன் சவப்பெட்டியை எட்டுவதற்குள் விடிந்துவிட எலும்புக்கூடாகிறான். அந்த மரணத்தை உலகத்தார் அனைவர் மனத்திலும் பதியவைத்தது 1958இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனத்துக்காக டெரன்ஸ் ஃபிஷர் வண்ணத்தில் இயக்கிய ‘டிராகுலா’ என்பேன். வான் ஹெல்சிங்காக நடித்த பீட்டர் குஷிங் நீண்ட மேசையின்மேல் ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைக் கிழித்திறக்க, உள்ளே விழும் ஒளிப்பட்டையில் கிறிஸ்டோஃபர் லீயின் கால் முதலில் கருகுகிறது. இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைச் சிலுவையாகப் பிடித்து அவனை ஒளிக்குள்ளேயே தள்ளி நிறுத்துகிறார். முகம் சிதைந்து உதிரும் பகுதியைப் பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் வெட்டினார்கள். வெட்டுப்படாத சில ரீல்கள் அரை நூற்றாண்டுக்குப் பின் டோக்கியோவில் ஒரு திரைப்படக் காப்பகத்தில் கிடைத்து, படத்தோடு மீண்டும் சேர்க்கப்பட்டன. ஹாமரின் இந்த முடிவைப் பார்த்தவர்கள்தாம் ‘ஆதிகால நம்பிக்கை’ என்று அதை நினைத்துக்கொண்டார்கள். முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு கற்பனை தொன்மமாகிவிட்டது.

‘நொஸ்ஃபெராட்டு’ உலகின் முதல் பேய்ப் படம் என்ற வரியையும் மாற்றிக்கொள்ளலாம். 1896இலேயே பிரான்சின் ஜார்ஜ் மெலியே, கோட்டைக்குள் பறந்துவரும் வௌவால் சாத்தானாக மாறுவதையும், சிலுவையைக் கண்டு அவன் மறைவதையும் மூன்று நிமிடப் படமாக எடுத்துவிட்டார். அது பயமுறுத்துவதற்கல்ல, வியக்கவைப்பதற்கு எடுத்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

கட்டுரையின் கடைசிப் பத்தி, இந்தியப் பேய்ப் படங்கள் ஹாலிவுட்டை நகலெடுத்துப் பிறந்தவை என்கிறது. இங்கேதான் நான் மிகவும் வேறுபடுகிறேன். 1949இல் பம்பாய் டாக்கீஸுக்காகக் கமால் அம்ரோஹி இயக்கிய ‘மஹல்’ படத்தின் ஒளிப்பதிவாளர் ஜோசஃப் விர்ஷிங், மியூனிக்கைச் சேர்ந்த ஜெர்மானியர். இருபதுகளில் ஹிமான்ஷு ராயின் ஊமைப் படத்துக்காக முதன்முதலில் இந்தியா வந்தவர். முப்பதுகளில் பம்பாய் டாக்கீஸில் சேர்ந்து, உலகப்போரின்போது ஆங்கிலேயரால் காவலில் வைக்கப்பட்டு, விடுதலையானபின் இங்கேயே தங்கிவிட்டார். மழைநாளில் ஆளில்லாத மாளிகைக்குள் நுழையும் அசோக்குமார், சுவரில் மாட்டியிருக்கும் பழைய ஓவியத்தில் தன் முகத்தையே காண்கிறார். கறுப்பு அறைக்குள் ஓரத்திலிருந்து மட்டும் விழும் வெளிச்சம், தூணுக்குத் தூண் தாவும் நிழல் எல்லாம் ஜெர்மானிய ஊமைப் படங்களின் உறவுமுறை; அது ஹாலிவுட் வழியாகச் சுற்றிக்கொண்டு வரவில்லை, அதே தொழிலைக் கற்ற ஒருவரின் கையோடு நேராகவே வந்தது. அந்தப் பழைய ஓவியமோ இன்னும் மூத்தது. 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஓட்ராண்டோ கோட்டை’யில் பாட்டனாரின் ஓவியம் பெருமூச்சு விட்டுச் சட்டத்திலிருந்து இறங்கி நடக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பில் ‘ஒரு காத்திக் கதை’ என்று அவர் சேர்த்த துணைத்தலைப்பிலிருந்துதான் இவ்வகைக்கே பெயர் வந்தது. பாழடைந்த வீடு, முன்னோர் செய்த பாவம், பேரனின் முகத்தில் பாட்டன் என்ற அந்தச் சரக்கை நம்மவர்கள் மறுபிறவியோடு இணைத்தபோது, ஐரோப்பாவில் இல்லாத ஒன்று பிறந்தது. 1963இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில், இடிந்த ஜமீன் மாளிகைக்குள் நாயகனுக்கு முற்பிறவி நினைவு திரும்பும் காட்சிகளை வின்சென்ட் ஒளிப்பதிவு செய்திருக்கும் விதத்தைப் பார்த்தவர் எவரும் அதை நகல் என்று சொல்லமாட்டார். அடுத்த ஆண்டே அவர் மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ என்ற பேய்வீட்டுப் படத்தை இயக்குநராக எடுத்தார் என்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டுரையில் இவ்விரு படங்களின் பெயர்களும் இல்லை.

என் திரைப்படச் சங்கம் மூடப்பட்டு வெகுகாலமாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் மீட்டெடுக்கப்பட்ட ‘நொஸ்ஃபெராட்டு’வைப் பார்த்தேன். ஓர்லோக் பெட்டியோடு வாயிலைக் கடக்கும் காட்சி வந்தது. திரை முழுவதும் ஆழ்ந்த நீலம். கடைசியில் எல்லனின் சன்னலுக்கு வெளியே அந்த நீலம் விலகி இளஞ்சிவப்பாகும்போதுதான், நாற்பது பேர் முன்னிலையில் நான் எவ்வளவு பெரிய பொய்யைக் குறியீடு என்ற பெயரில் சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. பின்வரிசையில் எழுந்து நின்றவர் அப்போதே நடுவயதினர். பெயர் எனக்குத் தெரியாது. அவர் இன்றும் தங்கள் நாளிதழை வாசிப்பவராக இருந்து, இக்கடிதமும் அச்சேறினால், அவருடைய கேள்விக்கு விடை இதுதான்: ஐயா, அது இரவு, எங்கள் பிரதியில் நீலம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்